படம் முடிந்ததும் யாரைக் கேட்பது?



இலக்கியத் தலைப்பு ஒன்றை எதிர்பார்த்துச் சிலர் வந்திருப்பீர்கள். மலரன்பனும் மாத்தளை சோமுவும் மாத்தளை வடிவேலனும் எழுதிய மண்ணில் அந்த எதிர்பார்ப்பு நியாயமானதுதான். நான் பேச வந்திருப்பது தெருவிளக்கு, குப்பை, வரிப்பணம், மயானத்துக்குப் போகும் பாதை ஆகியவற்றைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு பிரதேச சபை தன் சேவைகளை மக்களுக்கு வீடியோ மூலம் எப்படிச் சொல்கிறது, எப்படிச் சொன்னால் அது மக்களுக்குப் பயன்படும் என்பதைப் பற்றி. அறக்கட்டளைச் சொற்பொழிவில் மலக்குழி இறைக்கும் பவுசரைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். பேசலாம் என்றுதான் நினைக்கிறேன். பவுசர் வராத வீட்டில் இருப்பவர்களும் நம் வாசகர்கள்தானே.

பேச்சை ரிவர்ஸ்டன் மலையிலிருந்து தொடங்குகிறேன். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாகச் சுமார் 30 கிலோமீற்றர் ஏறினால் ரிவர்ஸ்டன். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் பிட்டவல பத்தன, இலுக்கும்புர, சேர எல்ல நீர்வீழ்ச்சி, அப்புறம் லக்கல. இந்தப் பக்கம் ரத்தோட்டைப் பிரதேச சபை, அந்தப் பக்கம் லக்கல பல்லேகம பிரதேச சபை. இந்தப் பக்கம் மழையும் தேயிலையும், கம்மடுவ போன்ற இடங்களில் தமிழர் வாழும் தோட்டங்களும். அந்தப் பக்கம் வரண்ட காற்றும் பழைய சிங்களக் கிராமங்களும். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காக அங்கே பழைய நகரமே நீருக்குள் போய், 2019இல் புதிய லக்கல நகரம் திறக்கப்பட்டது. ஒரே மலையின் இரண்டு சரிவுகளில் இரண்டு சபைகள் இருக்கின்றன. இரண்டு வகை மக்களுக்கு அவை பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

போனை எடுத்து ‘ரிவர்ஸ்டன்’ என்று தட்டிப் பாருங்கள். வீடியோவுக்குப் பஞ்சமே இல்லை. மூடுபனி, காற்றில் பறக்கும் துப்பட்டா, ட்ரோன் கமராவில் வளைந்து வளைந்து போகும் றோட்டு, கொழும்பிலிருந்து வந்த இளைஞர் கூட்டம் தேநீர் குடிக்கும் காட்சி. உலகமே இந்த மலையைப் பார்க்கிறது. இந்த மலையடிவாரத்து லயன் வீட்டில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு, தன் வீட்டுக்கு முன்னால் எரியாமல் நிற்கும் விளக்கைப் பற்றி யாரிடம் சொல்ல வேண்டும் என்று காட்டும் இரண்டு நிமிடப் படம் ஒன்றைத் தேடுங்கள். தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்த விளக்கு விஷயமே அவ்வளவு சுலபமில்லை. கம்பம் மின்சார சபையுடையது. அதில் தொங்கும் தெருவிளக்கு பிரதேச சபையின் பொறுப்பு. கம்பம் நிற்கும் மண் தோட்டக் கம்பனியின் கையில் இருக்கலாம். றோட்டும் அப்படித்தான். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு, சிறு வீதிகள் பிரதேச சபைக்கு, தோட்டத்துக்குள் போகும் பாதை தோட்டத்துக்கு. குழியில் விழுந்தவருக்கு இந்த வகுப்பு ஒன்றும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அது தெரியாவிட்டால் அவர் நான்கு அலுவலகம் ஏறி இறங்குவார், நான்கிலும் அது எங்கள் வேலை இல்லை என்பார்கள், ஐந்தாவது அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

இதைவிடப் பெரிய குழப்பம் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் இடையில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை விண்ணப்பம், அஸ்வெசும உதவித்தொகை, கிராம உத்தியோகத்தர் எல்லாம் செயலகத்தின் பக்கம். குப்பை, சந்தை, நூலகம், மயானம், கட்டட வரைபட அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம் எல்லாம் சபையின் பக்கம். ஒன்றை அரசாங்க அதிகாரி நடத்துகிறார். மற்றதை நாம் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த உறுப்பினர்கள் நடத்துகிறார்கள். முதலாமவரிடம் விண்ணப்பிக்கலாம். இரண்டாமவர்களிடம் கணக்குக் கேட்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். இந்த வேறுபாட்டைப் படித்தவர்களே தடுமாறிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எந்தச் சபை வீடியோ எடுக்கத் தொடங்கினாலும் முதல் படம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மலையகத்தில் இந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை இங்கே பலர் அறிவீர்கள். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிட அந்தப் பிரிவு தடையாக நின்றது. தோட்டத் தொழிலாளி சபைத் தேர்தலில் வாக்களிப்பார். அவர் வாக்கால் உறுப்பினர் ஆனவர், அவர் லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியாமல் நிற்பார். 2018இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. தோட்டங்களுக்கும் சேவை செய்ய வழி திறந்தது. அதற்கிடையில் முப்பது ஆண்டுகள் போய்விட்டன. முப்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறை எதைப் பழகிக்கொண்டது? எதுவானாலும் துரையிடம் கேள், கங்காணியிடம் கேள், தொழிற்சங்கத் தலைவரிடம் கேள், சபையிடம் கேட்காதே. சட்டத்தை ஒரு பிற்பகலில் திருத்திவிடலாம். ஒரு சமூகத்தின் கேட்கும் பழக்கத்தைத் திருத்துவதற்குச் சபை வாய் திறந்து, உனக்கும் நான்தான் சபை என்று சொல்ல வேண்டும். அதையும் தமிழில் சொல்ல வேண்டும்.

திருத்தம் வந்த சில ஆண்டுகளிலேயே இன்னொரு தடங்கலும் வந்தது. 2018 பெப்ரவரித் தேர்தலில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். இந்த இடைவெளியில்தான் 2023இல், மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து நடந்தவர்கள் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை வந்து சேர்ந்தார்கள். அப்போது இங்கே அவர்களை வரவேற்கத் தெரிவுசெய்யப்பட்ட ஒரு தவிசாளரும் பதவியில் இருக்கவில்லை.

இப்போது சபைகள் மீண்டும் வந்திருக்கின்றன. கையில் போனும் இருக்கிறது. பல சபைகளுக்குப் பேஸ்புக் பக்கம் உண்டு, அதில் வீடியோவும் உண்டு. நாடு முழுவதும் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. மாலை, நாடா வெட்டுதல், பெயர்ப்பலகைத் திரை நீக்கம், தவிசாளர் பேச்சு, பின்னணியில் உணர்ச்சி பொங்கும் இசை. இந்தப் படத்தைப் பார்த்து முடித்தவருக்குத் தவிசாளரின் முகம் தெரியும். எந்த யன்னலுக்குப் போக வேண்டும், எந்தத் தாளைக் கொண்டுபோக வேண்டும், எவ்வளவு கட்டணம், எத்தனை நாளில் நடக்கும் என்பதில் ஒன்றும் தெரியாது. இது விளம்பரம். விளம்பரம் செய்ய அரசியல்வாதிக்கு உரிமை உண்டு, அதை அவர் தன் காசில் செய்யட்டும்.

அரசாங்கம் படம் காட்டும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. 1948இலேயே இலங்கையில் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. ‘ரேகாவ’ எடுத்து உலகப் புகழ் பெறுவதற்கு முன்னால் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அங்கேதான் வேலை பார்த்தார். மலேரியா ஒழிப்பைப் பற்றி 1954இல் ஒரு படம், வீதிப் பாதுகாப்பைப் பற்றி 1955இல் ஒரு படம் எடுத்தார். றோட்டை எப்படிக் கடப்பது என்று சொல்லும் படத்துக்கு நாட்டின் தலைசிறந்த கலைஞனின் கண் கிடைத்தது. இன்று நம் சபைகள் இந்த வேலையைத் திருமண வீடியோக்காரரிடம் கொடுக்கின்றன. திருமண வீடியோக்காரரை நான் குறை சொல்லவில்லை. நாடா வெட்டுவதைத் திருமணம் போல எடுக்கத்தான் அவரை அழைக்கிறார்கள்.

அந்தப் பழைய படங்களில் ஒரு குறை இருந்தது, அது கலைக்குறை அல்ல. படம் பேசும், மக்கள் கேட்பார்கள், விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்தியாவில் கொட்டகைகளில் முதலில் ஓடிய செய்திப்படத்தை நினைத்துப் பாருங்கள். அது ஓடும்போதுதான் மக்கள் முறுக்கு வாங்கப் போனார்கள். கேள்வி கேட்க முடியாத படத்தை மக்கள் மரியாதையாகப் பொறுத்துக்கொள்வார்கள், நம்பமாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தைத்தான் இன்று நான் வலியுறுத்த வந்திருக்கிறேன். சபையின் வீடியோ நல்லதா கெட்டதா என்பது அது முடியும் இடத்தில் தெரியும். முடிந்ததும் கேள்வி கேட்க அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும், கேட்ட கேள்வி சபைக்குப் போய்ச் சேர வேண்டும்.

உலகம் இதைப் பல முறை சோதித்துப் பார்த்திருக்கிறது. 1975 ஓகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை இந்தியா ஒரு பெரிய பரிசோதனை செய்தது. அமெரிக்காவின் ஏடிஎஸ் 6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி கொண்டுபோனார்கள். விவசாயம், சுகாதாரம், குடும்பநலம், பள்ளிக்கூடப் பாடம். இலங்கையில் தொலைக்காட்சியே இல்லாத காலம் அது. இங்கே அது 1979இல்தான் வந்தது. ஆனால் கொழும்பில் ஒரே ஒரு வீட்டில் இந்த ஒளிபரப்பைப் பார்த்தார்கள். செயற்கைக்கோள் தொடர்பை 1945இலேயே எழுத்தில் கற்பனை செய்த ஆர்தர் சி. கிளார்க்கின் வீடு அது. இந்தியப் பொறியியலாளர்களே வந்து அன்டெனா பொருத்திக் கொடுத்தார்கள். விஞ்ஞானக் கதாசிரியருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! அந்தப் பரிசோதனையின் தொழில்நுட்பம் இன்றும் வியப்புத் தருகிறது. ஆனால் விண்ணிலிருந்து வந்த படத்தைப் பார்த்த ஒரு விவசாயி, என் நிலம் களிமண், நான் என்ன செய்வது என்று அந்தப் பெட்டியிடம் கேட்க வழி இருக்கவில்லை.

நம் பக்கத்துக் கொத்மலையில் வேறொரு வழி பிறந்தது. மகாவலி சமூக வானொலித் திட்டத்தின் கீழ் 1989இல் அங்கே ஒரு சிறு வானொலி நிலையம் தொடங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியுடன் அதற்கு இணைய இணைப்பு கிடைத்தது. கிராமத்தவர் வீட்டில் கணினி இல்லை. ஆகவே அவர்கள் கேள்வியை எழுதி அனுப்பினார்கள். அறிவிப்பாளர், விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இணையத்தில் தேடி, வானொலியிலேயே பதில் சொன்னார். கேள்வி முதலில் வந்தது, ஒலிபரப்பு அதன் பின்னால் போனது. எங்கள் மலைநாட்டில் கால் நூற்றாண்டுக்கு முன்பே இப்படி ஒரு முறை நடந்திருக்கும்போது, இன்றைய சபைகள் பேஸ்புக்கில் பின்னூட்டத்தைப் பூட்டிவிட்டு வீடியோ போடுவதை என்னவென்று சொல்வது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் 2006இல் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் என்ற முயற்சி. கர்நாடகக் கிராமங்களில் உள்ளூர் விவசாயிகளையே நடிக்க வைத்து, அவர்கள் வயலிலேயே சிறு சிறு வீடியோக்கள் எடுத்தார்கள். அதை மாலையில் கிராமத்தவர் கூடும் இடத்தில் காட்டினார்கள். காட்டுபவர் அதே ஊர்க்காரர். பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்பார், அடுத்த வாரம் யார் செய்து பார்த்தீர்கள் என்று கணக்கும் எடுப்பார். வழமையான விவசாய விரிவாக்க முறையோடு ஒப்பிட்டால், செலவழித்த ஒவ்வொரு டொலருக்கும் சுமார் பத்து மடங்கு பலன் கிடைத்ததாக அவர்களது ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. பார்த்தவர்கள் முதலில் கேட்டது தொழில்நுட்பத்தைப் பற்றியல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இது எந்த ஊர், அந்த ஆள் யார் என்றுதான் கேட்டார்கள். தங்களைப் போன்ற ஒருவர் செய்கிறார் என்று தெரிந்ததும் நம்பினார்கள்.

கனடாவில் இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. 1967இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் ஃபோகோ என்ற தீவு. மீன்பிடிச் சமூகம், வறுமை. மக்களை வேறு இடத்தில் குடியேற்ற அரசாங்கம் திட்டமிட்டிருந்தது. கனடாவின் தேசியத் திரைப்படச் சபையிலிருந்து கொலின் லோ என்ற இயக்குநர் வந்தார். அவர் அரசாங்கத்தின் செய்தியைத் தீவுக்குக் கொண்டுபோகவில்லை, தீவின் பேச்சைப் படமாக்கினார். ஒரு குடியிருப்பில் எடுத்ததை அடுத்த குடியிருப்பில் போட்டுக் காட்டினார். ஒருவரோடு ஒருவர் பேசாத ஊர்களெல்லாம் தங்கள் குறை ஒன்றே என்று கண்டுகொண்டன. பிறகு அந்தப் படங்கள் அமைச்சர்களிடம் போயின. மீன்பிடி அமைச்சர் பதிலையும் படமாகவே கொடுத்தார், அது தீவில் காட்டப்பட்டது. தீவு காலியாகவில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. முழுப் புகழையும் படத்துக்குக் கொடுப்பது மிகை. ஆனாலும் கமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் அந்தத் தீவு ஒரு பாடம்.

இதையெல்லாம் ரத்தோட்டைக்கும் லக்கலைக்கும் எப்படிக் கொண்டுவருவது?

தோட்டத்தில் ஏற்கனவே ஒரு செய்தி முறை இருக்கிறது. காலையில் பெரட்டு. கணக்குப்பிள்ளையும் கங்காணியும் நிற்க, இன்றைக்கு எந்த மலை, யாருக்கு என்ன வேலை என்று சொல்லப்படும் இடம். முன்பு தப்பு அடித்துக் கூப்பிட்டார்கள். கோயில் திருவிழா என்றாலும், சாவு என்றாலும், தண்ணீர் வராது என்றாலும் அங்கே சொன்னால் ஒரு மணி நேரத்தில் எல்லா லயத்துக்கும் போய்ச் சேரும். பெரட்டில் செய்தி மேலிருந்து கீழேதான் வரும் என்பது உண்மை. ஆனால் சொல்பவர் கண்முன்னே நிற்பார். அண்ணே, அது எங்களுக்கும் சேர்த்துத்தானா என்று ஒரு பெண் குரல் கொடுத்தால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படி மக்கள் ஏற்கனவே கூடும் இடங்களைப் பாருங்கள். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்குக் காத்திருக்கும் நேரம். பிள்ளைக் காம்பராவில் தாய்மார் பிள்ளையை எடுக்க வரும் நேரம். மாதாந்தக் கிளினிக். சம்பள நாள். கோயில் மண்டபம். அங்கே ஒரு சிறு புரொஜெக்டரோ பெரிய போனோ போதும். மூன்று நிமிடப் படம். அதைக் காட்டச் சபை உறுப்பினர் வர வேண்டும், அல்லது சபையின் உத்தியோகத்தர். 2018 முதல் சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது. அப்படி வந்த பெண் உறுப்பினர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. லயத்தில் தண்ணீர் பிடிப்பவரும் கொழுந்து எடுப்பவரும் பெண்கள். அவர்கள் கேள்வியை ஓர் ஆண் தலைவரிடம் சொல்லியனுப்பினால் அது பாதி வழியில் அவருடைய கேள்வியாகிவிடும்.

டேட்டா செலவையும் மறக்கக் கூடாது. ரிவர்ஸ்டன் உச்சியில் கோபுரம் நிற்கலாம். மலை மடிப்புக்குள் இருக்கும் லயத்தில் சிக்னல் ஒரு கோடு வந்து ஒரு கோடு போகும். நாற்பது எம்பி வீடியோவை அங்கே அனுப்பினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். சிறிய கோப்பாக, வாட்ஸ்அப்பில் கைமாறக் கூடியதாக, ஒலி தெளிவாக இருக்க வேண்டும். படம் கொஞ்சம் மங்கினாலும் பொறுத்துக்கொள்வார்கள், குரல் புரியாவிட்டால் பொறுக்கமாட்டார்கள். எழுத்தை மட்டும் தமிழில் போட்டுவிட்டு, நாங்கள் தமிழிலும் கொடுத்துவிட்டோம் என்று சொல்வது கூடாது. வாசிக்கச் சிரமப்படும் மூத்தவர்கள் தோட்டங்களில் உண்டு. பேச வேண்டும், அதுவும் இங்கே பேசும் தமிழில் பேச வேண்டும். கொழும்புச் செய்தி வாசிப்பாளரின் தமிழில் மலக்குழி பவுசரைக் கேட்டால் அது ஏதோ வேறு நாட்டுப் பவுசர் போலத்தான் இருக்கும். சிங்களத்தில் எடுத்துவிட்டுத் தமிழில் குரல் ஒட்டவும் வேண்டாம். அதே கதையைத் தமிழ்க் குடும்பம் ஒன்றை வைத்துத் தனியாக எடுக்கட்டும். செலவு அதிகமா? நாடா வெட்டும் விழாவுக்குப் பந்தல் போடும் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஒரு சிறு விஷயம். எத்தனை சபைகள் கவனிக்கின்றன தெரியவில்லை, வீடியோ முழுவதும் ஒரு மூலையில் திகதி இருக்க வேண்டும். கட்டணங்கள் சபைத் தீர்மானத்தால் மாறும். பழைய வீடியோ வாட்ஸ்அப்பில் சாகாது. மூன்று ஆண்டுக்கு முந்தைய கட்டணத்தைக் கையில் எண்ணிக்கொண்டு வந்த முதியவரை யன்னலில் திருப்பி அனுப்பினால், அவர் சபையின் வீடியோவை மட்டுமல்ல, சபையையே இனி நம்பமாட்டார்.

மண்சரிவில் இந்தத் திகதி உயிர் சம்பந்தப்பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு, சிவப்பு என்றால் வெளியேறு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்கள் பட்ட பாட்டை நீங்களே கண்டீர்கள். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. சட்டப் புத்தகத்தில் இருக்கும் தமிழ், சிவப்பு எச்சரிக்கை வரும் இரவில் லயத்துக்கு வந்து சேரவில்லை என்றால் அந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன லாபம்?

எச்சரிக்கை விடுவது பிரதேச சபையின் வேலையல்ல என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் மழைக்கு முன்னால், வெயில் காலத்தில், மஞ்சள் என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன, இந்தத் தோட்டத்தில் ஓடி ஏற வேண்டிய பாதுகாப்பான கட்டடம் எது, 117க்கு அழைத்தால் யார் எடுப்பார்கள் என்று அந்த ஊர் மனிதர்களையே வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதுவும் பொதுவான மலை ஒன்றைக் காட்டக் கூடாது. இந்த மலை, இந்த ஓடை, இந்தப் பள்ளிக்கூடம் என்று காட்ட வேண்டும். மழை தொடங்கிய பின் பரவும் பழைய எச்சரிக்கை வீடியோ பீதி கிளப்பும், இல்லாவிட்டால் அலட்சியம் வளர்க்கும். திகதி போட்ட உள்ளூர்ப் படம் அந்த இரண்டையும் குறைக்கும்.

குப்பையையும் சேர்த்துக்கொள்ளலாம். நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. காட்டைப் பார்ப்பது வன பரிபாலனத் திணைக்களம். றோட்டோரக் கடையின் குப்பையை எடுப்பது சபை. சுற்றுலாக்காரர் ஞாயிற்றுக்கிழமை மாலை விட்டுப்போகும் போத்தலுக்கு இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டலாம். ரிவர்ஸ்டன் பற்றி வரும் அத்தனை வீடியோக்களுக்கு நடுவே, உன் குப்பையை இங்கே போடு என்று அந்த மலைப் பிள்ளைகள் சொல்லும் ஒரு வீடியோ பயணிகளுக்கும் போய்ச் சேரும். அதை எடுக்கப் பாடசாலை மாணவர்களே போதும், அவர்கள் கையில் சபையைவிட நல்ல கமரா இருக்கிறது.

சபைக் கூட்டத்தையே நேரலையாகக் காட்டலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். காட்டலாம். இங்கிலாந்தில் உள்ளூராட்சிக் கூட்டங்களைப் படம் பிடிக்க 2014இலிருந்து சட்டமே இடம் கொடுக்கிறது. அங்கே ஹேண்ட்ஃபோர்த் என்ற சிற்றூரின் சபைக் கூட்டம் ஒன்று 2020 டிசம்பரில் ஸூமில் நடந்தது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் திட்டி, கூட்டத்தை நடத்திய பெண் சிலரைத் திரையிலிருந்தே வெளியேற்றினார். இரண்டு மாதம் கழித்து அந்த வீடியோ உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. நம் சபைகளும் அப்படிப் புகழ் பெறும் ஆற்றல் உள்ளவைதான். ஆனாலும் நேரலையை நான் ஆதரிக்கிறேன், சிரிப்புக்காக அல்ல. மூன்று மணி நேரக் கூட்டத்தை யாரும் முழுதாகப் பார்க்கமாட்டார்கள். அதில் தங்கள் தோட்டத்தின் பெயர் வந்த நான்கு நிமிடத்தை வெட்டி எடுத்து ஊருக்குக் காட்ட முடியும். நம் உறுப்பினர் நம் பாதையைப் பற்றிப் பேசினாரா, வாயே திறக்கவில்லையா என்று தெரிந்துவிடும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடிதம் எழுதிக் கேட்கலாம். ஆனால் கடிதமே பல லயங்களுக்குத் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் வந்து சேரும் நிலையில், எழுதிக் கேள் என்பது எல்லோருக்கும் ஒரே அளவு சுலபமில்லை.

பதில் வழிக்கு நான் சொல்வது மிக எளிமையானது. ஒவ்வொரு படமும் காட்டி முடித்ததும், பார்த்தவர்களில் ஒருவர் தன் கேள்வியை அதே போனில் முப்பது வினாடி பேசட்டும். விரும்பாதவர் முகம் காட்ட வேண்டாம், குரல் போதும். அந்தத் துண்டுகளை உறுப்பினர் மாதாந்தப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும். தவிசாளரோ செயலாளரோ அதற்குப் பதிலைப் பேசிப் பதிவு செய்யட்டும். அது அடுத்த மாதம் அதே மடுவத்தில் காட்டப்படட்டும். முடியாது என்பதும் பதில்தான், ஏன் முடியாது என்று சொன்னால். அந்த விளக்கு எங்களுடையதல்ல, மின்சார சபைக்கு இன்ன திகதியில் எழுதியிருக்கிறோம், கடித இலக்கம் இது என்று ஒரு தவிசாளர் கமரா முன் சொன்னால், நாடா வெட்டும் நூறு வீடியோக்களால் கிடைக்காத மதிப்பு அவருக்குக் கிடைக்கும். தேர்தலிலும் அது உதவும் என்பதை அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு மறுப்புக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். குரல் கொடுத்த தொழிலாளியைத் தோட்ட நிர்வாகமோ உள்ளூர்ப் பிரமுகரோ பழி வாங்கினால்? இந்த அச்சம் பொய்யல்ல. தோட்டத்தில் வீடும் வேலையும் ஒரே கையில் இருக்கும்போது வாய் திறப்பதற்கு விலை உண்டு. அதனால்தான் முகம் கட்டாயமில்லை என்றேன். பெயரும் கட்டாயமில்லை. கேள்வியைத் தனி ஆளின் கேள்வியாக வைக்காமல் அந்த லயத்தின் கேள்வியாகப் பதிவு செய்யலாம். பதிவைச் சபைக்கு வெளியே யாருக்கு அனுப்பலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்ற விதியைச் சபை முதலிலேயே தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். விதி இல்லாமல் தொடங்குவதைவிடத் தொடங்காமலிருப்பது நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, ஆண்டிறுதியில் வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரும். அதில் விளம்பரம், வைபவம் என்ற தலைப்புகளின் கீழ் இருக்கும் தொகையைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு பகுதியைத் தகவல் என்ற தனித் தலைப்புக்கு மாற்றச் சொல்லி உங்கள் உறுப்பினரிடம் இந்த மாதமே கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ரத்தோட்டைப் பக்கத்து உறுப்பினர்கள் யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால், கேள்வி நேரத்தில் அவர்களையே முதலில் பேச அழைக்கும்படி அவைத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.